விழுந்தது குதிரைதான்

கில்மொய்லன், டிப்பரரி
13 ஏப்ரல் 1997, ஞாயிறு

அன்பு மகள் ப்ரோனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போலத் தொடங்கினால் முதல் வரியிலேயே பொய் வந்துவிடும். அதனால் நலம் விசாரிப்பைக் கடிதத்தின் கடைசிக்குத் தள்ளிவைக்கிறேன்.

உன் கடிதமும் வீடியோ கேசட்டும் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தன. தபால்காரர் பொட்டலத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆஸ்திரேலியாவுலேர்ந்து சார். உள்ள கங்காரு எதுவும் இருக்கப்போவுது, பாத்துப் பிரிங்க" என்றார். அவருக்காகச் சிரித்துவைத்தேன். இரண்டு வருடமாக உன் கிறிஸ்துமஸ் அட்டைகள் அம்மா பெயருக்குத்தான் வருகின்றன. உறையின்மேல் உன் கையெழுத்தில் என் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது.

ஏழெட்டு வரிதான் எழுதியிருந்தாய். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மே முதல் தேதி வார்னம்பூலில் பெரிய தடைதாண்டும் பந்தயம், முப்பத்துமூன்று தடை. உன் முதலாளி டெஸ்ஸின் ஜாக்கிக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டதால் பேடிமெலன் என்ற குதிரையில் உன்னை ஏறச் சொல்கிறார். நீ இரண்டு வருடமாக ஒரு தடையும் தாண்டவில்லை என்பது அவருக்குத் தெரியும், ஏன் என்பது தெரியாது. இதெல்லாம் சொல்லிவிட்டு நீ எழுதியிருந்தாய்: "இந்தக் குதிரைக்கு வாய்ப்பு உண்டா, நான் ஏறினால் அது குறையுமா, இரண்டையும் எழுதுங்கள். போன் செய்யாதீர்கள். போனில் மழுப்புவீர்கள், எழுதினால் பொய் சொல்ல மாட்டீர்கள். பாலிகரனில் நடந்தது என் தப்புதான் என்று நீங்கள் இன்னும் எழுதினால், மாட்டேன் என்று டெஸ்ஸிடம் சொல்லிவிடுகிறேன். இந்த ஜென்மத்தில் இனிக் கேட்கவும் மாட்டேன். இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் வேண்டும்."

எழுதினால் பொய் சொல்ல மாட்டேனாம். அந்த வரியைப் படித்துவிட்டு, கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டேன்.

ஐந்து நாளாகப் பேனாவைத் தொடவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். "ஆமாம் மகளே, தப்பு உன்னுடையதுதான், வேண்டாம்" என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போட்டிருந்தால் வேலை முடிந்தது. நீ குதிரைக்குத் தீனி போட்டுக்கொண்டு, லாயம் கூட்டிக்கொண்டு, கை கால் முழுசாக எண்பது வயதுவரை இருப்பாய். நானும் நிம்மதியாகத் தூங்குவேன். முன்பு ஒருமுறை அப்படித்தான் செய்தேன். இப்போதும் கை அந்தப் பக்கம்தான் போயிற்று. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இன்றைக்கு எதையும் மிச்சம் வைப்பதாக இல்லை.

பாலிகரனில் நீ தவறவில்லை. குதிரைதான் விழுந்தது.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், முப்பத்தொரு வருடப் பழக்கம். ஒவ்வொரு பந்தயத்திலும் எந்தக் குதிரை எங்கே முந்தியது, எங்கே தளர்ந்தது என்று குறிப்பேடு என்ற பந்தயப் பத்திரிகைக்குச் சொல்வதுதான் என் பிழைப்பு. அதைப் பார்த்துத்தான் நாடு முழுக்கப் பந்தயம் கட்டுகிறார்கள். முடிக்காத குதிரைக்கு ஒரே ஓர் எழுத்து. குதிரை தானே இடறிச் சாய்ந்தால் எஃப். குதிரை நின்று, மேலே இருப்பவர் மட்டும் கீழே போனால் யூ. எஃப் விழுந்தால் குதிரையின் விலை கெடும். யூ விழுந்தால் ஜாக்கியின் பெயர் கெடும். எதைப் போடுவது என்பது பார்ப்பவனுடைய கண்ணைப் பொறுத்தது. என் கண் தப்பாது என்று ஊரெல்லாம் பேச்சு. நானும் அதை மறுத்ததில்லை.

அன்றைக்குப் பாலிகரன் மைதானத்தில் லாந்தர் என்ற குதிரையில் நீ ஆறாவது தடவை ஏறினாய். முந்தைய ஐந்தில் மூன்று வெற்றி. குதிரைக்கு உரிமைக்காரி மிஸஸ் கில்ஃபாய்ல், பாலிகரனில் நல்லபடியாக முடித்தால் ஈஸ்டர் திங்கள் பெரிய பந்தயத்திலும் நீதான் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். நீ வீட்டில் சோபாவின் கைப்பிடிமேல் உட்கார்ந்து கடிவாளம் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாய். உன் சந்தோஷத்தைப் பார்த்துக் கைதட்டிவிட்டு, தனியே போய் ஈஸ்டர் பந்தயத்தில் பத்து வருடத்தில் எத்தனை ஜாக்கிகளை ஆம்புலன்ஸில் தூக்கிப் போட்டார்கள் என்று பழைய குறிப்பேடுகளில் எண்ணிக்கொண்டிருந்தவன் நான்.

அந்தப் பிப்ரவரி மூடுபனி உனக்கு நினைவிருக்கும். மேடையில் நின்றவர்களுக்கு இரண்டு தடைகளுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காமிராவில் வெள்ளைச் சுவர்தான். அந்த மாதிரி நாளில் நான் பைனாகுலரைப் பையில் போட்டுக்கொண்டு தூரத்துத் தடைக்கே நடந்து போய்விடுவேன் என்பது தெரியும் உனக்கு. கடைசியிலிருந்து மூன்றாவது தடைக்குப் போனேன். அந்தப் பக்கம் தரை சரிந்து இறங்கும் இடம். நானும், தடையைச் செப்பனிடும் டூஹியும்தான் அங்கே.

முதல் குதிரை தாண்டிப் போயிற்று. பிறகு நீ. பனிக்குள்ளிருந்து குளம்புச் சத்தம் வந்தது, அப்புறம் லாந்தரின் காது, அப்புறம் உன் தொப்பி. நன்றாகத்தான் எழும்பினான். இறங்கும்போது தரை அவன் நினைத்த இடத்தில் இல்லை. முன்னங்கால் இரண்டும் மடங்கின. மூக்கு புல்லில் உரசியது, பிறகு மார்பு, பிறகு முழு உடம்பும் புரண்டது. குதிரையின் வயிற்றை நான் பார்த்தேன் ப்ரோனா. அவன் முதுகு விழுந்த இடத்துக்கும் உன் தலைக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. உலகத்தில் எந்த ஜாக்கியாலும் அந்தக் குதிரைமேல் இருந்திருக்க முடியாது.

லாந்தர் எழுந்து ஓடினான். டூஹி அவன் பின்னால் ஓடினான். நான் மண்டியிட்டு உன் பக்கத்தில் இருந்தேன். நீ கண்ணைத் திறந்து, "அப்பா, நீங்க வேலைக்குப் போகலையா?" என்று கேட்டாய். வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டாய். அந்தக் கேள்விதான் என்னை உடைத்தது. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸ் போனபிறகு பனிக்குள் பத்து நிமிஷம் தனியாக நடந்து தொலைபேசிக்கு வந்தேன். வீட்டில் அம்மா போன் பக்கத்தில் உன் இரண்டு மணியோசைக்காகக் காத்திருந்தாள். நீ எங்கே ஓட்டினாலும், முடிந்ததும் மைதானத்துப் போனிலிருந்து இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவாயே, காசும் திரும்பி வந்துவிடும், அம்மாவுக்கும் நீ அடிபடாமல் நிற்கிறாய் என்று தெரிந்துவிடும். அவளிடம் முதலில் பேசியிருக்கவேண்டியவன் குறிப்பேட்டு அலுவலகத்துக்கு முதலில் பேசினேன். மறுமுனையில் எழுதிக்கொண்டிருந்த பெண், "லாந்தர், கடைசிலேர்ந்து மூணாவது தடை. எஃப்பா, யூவா சார்?" என்று கேட்டாள்.

யூ என்றேன். அதோடு நிற்கவில்லை. "நன்றாக ஓடிக்கொண்டிருந்த குதிரை. ஜாக்கி நிலை தவறினார்" என்று வாசகமும் சொன்னேன். "உங்க பொண்ணுதானே சார்" என்றாள். ஆமாம், எழுதிக்கொள் என்றேன்.

மாலையில் டூஹி வந்து, "குதிரைதான சார் சாஞ்சிச்சு?" என்று கேட்டான். இல்லை டூஹி, பொண்ணுதான் தவறிவிட்டாள் என்றேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப சரி. உங்க கண்ணுக்கு மேல என் கண்ணா" என்று போய்விட்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நீ கேட்டதும் நான் சொன்னதும் உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. "அவன் மூக்கு புல்லுல படறதப் பாத்த மாதிரி இருக்கேப்பா" என்றாய். மண்டையில் அடிபட்டால் அப்படித்தான் தோன்றும் என்று சொல்லி, உன் போர்வையை இழுத்துவிட்டேன். குறிப்பேட்டில் பொய் எழுதியதைவிட இதுதான் எனக்கு இன்றுவரை தாங்கவில்லை. ஊரை ஏமாற்றினேன், அது ஒன்று. நீ உன் கண்ணால் கண்டதை நானே உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

நான் எதிர்பார்த்தபடியே நடந்தது. மிஸஸ் கில்ஃபாய்லுக்குக் குறிப்பேடு வேதவாக்கு. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களே எழுதிட்டீங்க. இனிமே நான் என்ன செய்ய, சொல்லுங்க. ஈஸ்டருக்கு லாந்தர்மேல டொனல் க்விர்க்கைத்தான் போடணும்" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள், சொந்தப் பெண் என்றும் பார்க்காமல் எழுதுகிற கை என்று என்னைப் புகழ்ந்தார்கள். மதுக்கடையில் ஒருவன் எனக்கு ஒரு கோப்பை வாங்கிக்கொடுத்தான். நேர்மைக்காகவாம். அதையும் வாங்கிக் குடித்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய வியாழன், வழக்கம்போல ஒவ்வொரு குதிரையின் வாய்ப்பையும் எழுதினேன். லாந்தருக்கு எழுதியது இது: "இதுவரை ஒருமுறையும் விழாத குதிரை. உறுதியான கை கிடைத்திருக்கிறது. இருபதுக்கு ஒன்று என்பது தாராளமான விலை." முதல் பொய்யைச் சொன்னபிறகு வேறு எப்படி எழுதுவது? ஒன்று கட்டினால் இருபது தருவதாக இருந்த விலை, சனிக்கிழமைக்குள் ஒன்பதுக்கு ஒன்றாக இறங்கிவிட்டது. ஊரில் பாதிப் பேர் அவன்மேல் கட்டியிருந்தார்கள்.

ஈஸ்டர் திங்களன்று எட்டாவது தடையில், அந்தப் பக்கம் சரிவாக இறங்கும் இடத்தில், லாந்தர் பாலிகரனில் விழுந்ததைப் போலவே விழுந்தான். டொனல் அடியில் சிக்கினான். நான் மேடையிலிருந்து பைனாகுலரில் பார்த்தேன். அப்போது எனக்குள் முதலில் வந்தது என்ன தெரியுமா? சந்தோஷம். கீழே கிடப்பது நீ இல்லை என்கிற சந்தோஷம். யாரோ பெற்ற பிள்ளை சேற்றில் அசையாமல் கிடக்கிறான், நான் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இதை நான் பாதிரியாரிடமும் சொன்னதில்லை.

அன்று மாலை நீ கொட்டகைக்கு வந்து, "அப்பா, பாலிகரன்லயும் இப்படித்தானே விழுந்தான்?" என்று மறுபடி கேட்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போது உண்மையைச் சொன்னால் டொனலின் முறிந்த இடுப்பு எலும்புக்கும் நானே பொறுப்பாகிறேன். அதனால் இல்லை என்றேன். முதல் தடவை உன் உயிருக்குப் பயந்து பொய் சொன்னேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது தடவை என் பெயருக்குப் பயந்து. ஜூன் மாதம் விமான நிலையத்தில், "உங்க கண்ணு தப்பாதுப்பா. எனக்குத்தான் வரல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய்.

திங்கள்

நேற்று இதற்குமேல் எழுத முடியவில்லை. இனி கேசட்டுக்கு வருகிறேன். நம் வீட்டில் வீடியோ இல்லை. ஊரில் பந்தயக் கடையில்தான் இருக்கிறது. அந்தக் கடையில் இப்போது யார் இருக்கிறான் என்பது உனக்குத் தெரியாது. டொனல்தான். இரண்டு கைத்தடி வைத்து நடக்கிறான், உயரமான முக்காலியில் உட்கார்ந்து பலகையில் விலை எழுதுகிறான். இருபத்துநாலு வயது. நான் உள்ளே போகும்போதெல்லாம் "வாங்க சார், இன்னைக்கு எதுமேல கண்ணு?" என்று மரியாதையாகக் கேட்பான். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தத் தரை பிளக்காதா என்றிருக்கும்.

வியாழக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன், அவன்தான் கேசட்டைப் போட்டான். உன் குதிரை என்றதும் அவனுக்கு முகமே மாறிவிட்டது. திரையை நோக்கி முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நிறுத்துங்க, நிறுத்துங்க. அவன் எறங்கறதப் பாருங்க! என்னா பேரு இது, பேடிமெலன்? பேரு போட்டவன ஒதைக்கணும். குதிரை நல்ல குதிரை" என்றான். கேசட்டில் இருந்த மூன்று பந்தயத்தையும் இரண்டிரண்டு தடவை பார்த்தோம். பிறகு தானாகவே சொன்னான்: "நான்தான் சார் அன்னைக்கு சொதப்பிட்டேன். ஒரு தடவகூட விழாத குதிரைய விழவச்சவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்."

சிரித்துக்கொண்டே சொன்னான். இரண்டு வருடமாக எல்லோரிடமும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே சொல்லிவருகிறான் என்று அப்புறம் தெரிந்தது.

அங்கேயே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடு, அவன் அப்படிச் சொன்னபிறகு என்னால் அடக்க முடியவில்லை. அவன் திட்டவில்லை. கேசட்டைப் பின்னால் ஓட்டி, வெளியே எடுத்து, மேசைமேல் வைத்தான். "எங்கம்மா ஒங்க பேருக்கு மெழுகுவத்தி ஏத்தறாங்க சார். ஆஸ்பத்திரிக்கு வந்து என்னப் பாத்தீங்கன்னு" என்றான். பிறகு, "கெளம்புங்க. கடை தொறக்கணும்" என்றான். கேசட்டை எடுத்துக்கொள்ளவும் மறந்து வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கெட்டிலை அடுப்பில் வைக்கப் போனவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "அந்தப் புள்ள ரெண்டு வருஷமா அங்க அழுதுகிட்டு கெடக்கு. நீ இங்க உக்காந்து எங்கையால டீ வாங்கிக் குடிச்சிக்கிட்டிருந்தியா, கொர்மாக்?" என்றாள். அதோடு சரி. இன்றுவரை என்னோடு பேச்சில்லை. டீயும் நானே போட்டுக்கொள்கிறேன். நன்றாக வருவதில்லை.

குறிப்பேட்டு அலுவலகத்துக்குத் திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். வரும் சனிக்கிழமை அச்சாகும். நகல் இதோடு இருக்கிறது. வேலையையும் விட்டுவிட்டேன். முப்பத்தொரு வருடக் குறிப்புகளையும் இனி ஊர் சந்தேகத்தோடு பார்க்கும், பார்க்கட்டும். மிஸஸ் கில்ஃபாய்ல் வீட்டுக்கும் நேரில் போனேன். அவள் நம்பவில்லை. "பேப்பர்ல வரட்டும், படிச்சுக்கறேன்" என்று கதவைச் சாத்திவிட்டாள். டூஹிதான், "நான் அப்பவே பாத்தேன்ல" என்று மகிழ்ச்சியாக இருந்தான். நாளெல்லாம் எதிரே வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தானாம்.

செவ்வாய்

இன்று காலை கேசட் திரும்பி வந்தது. டொனல் யாரிடமோ கொடுத்தனுப்பியிருக்கிறான். கூடவே பந்தயச் சீட்டுகளின் பின்பக்கம் எழுதிய நாலு தாள். என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. "ப்ரோனாவுக்கு" என்று மட்டும் மேலே போட்டிருக்கிறது. நீ கேட்டது என் மதிப்பீட்டை. என் கண்ணுக்கு இனி என்ன மதிப்பு? அவன் எழுதியதை ஒரு சொல்லும் மாற்றாமல் கீழே தருகிறேன். தாள்களையும் உறையில் வைத்திருக்கிறேன், நான் எதையாவது மாற்றினேனா என்று நீயே ஒத்துப்பார்த்துக்கொள்.

"பேடிமெலன். மூணு பந்தயத்துலயும் கடைசி அரை மைல்ல முன்ன வரான். அப்ப மூச்சு இருக்கு, தூரம் பெருசா இருந்தா அவனுக்கு நல்லதுதான். சுமையும் கம்மி. அவசரப்பட்டு முன்னால கொண்டுபோகாத. கூட்டத்துக்கு நடுவுல தாண்ட அவனுக்குப் புடிக்கல, தலையத் தூக்கறான். வெளிப்பக்கமா தனியா விடு. களைச்சா வலதுபக்கம் சாயறான், அதனால வலது ஓரத்த ஒட்டிப் போகாத. பதினாறுக்கு ஒண்ணுன்னு விலை இருந்தா முதல் நாலுக்குள்ள வர நியாயமான வாய்ப்பு. ஜெயிக்கறதுக்கு அவசரப்படாத கை வேணும். அது ஒங்கிட்ட இருக்கு.

இன்னொண்ணு. ஈஸ்டருக்கு ரெண்டு நாள் முன்ன நீ எங்க வீட்டுக்கு வந்து, சரிவுல எறங்கற தடைல லாந்தர் தரையத் தப்பாக் கணக்குப் போடறான், நல்லாப் பின்னால சாஞ்சு உக்காந்து புடிச்சு வையின்னு சொன்னே. ஒன்ன எடுத்துட்டு என்னப் போட்ருக்காங்க, அப்பவும் வந்து சொன்னே. நான் ஒன்ன நம்பல. பேப்பர நம்பினேன்."

நீ அவன் வீட்டுக்குப் போனது எனக்குத் தெரியாது. உன் இடத்தைப் பிடித்தவனுக்கு எச்சரிக்கை சொல்ல நீ போயிருக்கிறாய். என் ஓர் எழுத்து அந்த எச்சரிக்கையையும் தின்றுவிட்டது.

நீ கேட்ட இரண்டாவது கேள்விக்கு மட்டும் என் பதில். நீ ஏறினால் அந்தக் குதிரையின் வாய்ப்பு குறையாது, கூடும். உன் ஐந்து வயதிலிருந்து நீ குதிரைமேல் உட்காருவதைப் பார்த்துவருகிறேன். உன்னைவிட நல்ல கையை நான் பார்த்ததே இல்லை. இதைக் குறிப்பேட்டில் ஒருமுறையும் எழுதவில்லை, அப்பா எழுதினால் பாரபட்சம் என்பார்களே என்று. ஏறாதே என்று சொல்ல இப்போதும் வாய் துடிக்கிறது. முப்பத்துமூன்று தடையையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அது என் பயம். நீ ஏறுவதா வேண்டாமா என்பதை உன் கண்ணைக் கேட்டு முடிவு செய். அது பாலிகரனிலும் தப்பவில்லை.

தள்ளிவைத்த நலம் விசாரிப்பு: அம்மா உடம்புக்கு நன்றாக இருக்கிறாள். உன் பழைய தொப்பியை நேற்று வெயிலில் காயவைத்தாள். நாய்க்கு ஒரு கண் மங்கிவிட்டது. எனக்கு வேலை இல்லாததால் காலையில் என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதா?

மன்னித்தேன் என்று எழுத வேண்டாம். என்னோடு பேசவும் வேண்டாம். உனக்கு அங்கே பிற்பகல் மூன்று மணி என்றால் இங்கே காலை ஆறு. மே முதல் தேதி நாங்கள் இருவரும் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம், பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஜெயித்தாலும் சரி, கடைசியாக வந்தாலும் சரி, முடிந்ததும் முன்பு போலப் போனை இரண்டு மணி மட்டும் அடிக்கவிட்டு வைத்துவிடு.

நான் எடுக்க மாட்டேன்.

கடவுள் உன் கூடவே இறங்கட்டும், ஒவ்வொரு தடையிலும்.

இப்படிக்கு,
உன் அப்பா
கொர்மாக் டெவெனி

இணைப்பு: திருத்தத்தின் நகல்.
"பாலிகரன், பிப்ரவரி 1995, நான்காம் பந்தயம். லாந்தர்: கடைசியிலிருந்து மூன்றாவது தடையில் யூ என்று அச்சானது தவறு. எஃப் என்று திருத்திப் படிக்கவும். குதிரை விழுந்தது. ஜாக்கிமேல் குற்றமில்லை. தவறு பார்த்தவனுடையது."